வராத விருந்தாளியின் சோறு

போன வருடம் ஆடி மாதம். நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அறுபதைத் தாண்டிய பூதப்பாண்டிக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்பது சரிதான். அதைத்தான் சொல்ல வந்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். அதனால் மெதுவாகத்தான் வரும்.

என் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. கட்டிலை விட்டு எழும்ப வேண்டும் என்றால் கதவு நிலையைப் பிடித்தாக வேண்டும். முட்டி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு முட்டியில் கைவைக்க முடியாது, முதலில் எடை குறையட்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே சக்கர நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார். மாமியாரையும் என் வீட்டுக்காரரையும் கடைசிக் காலத்தில் தூக்கி எடுத்தவள் நான். என்னை இன்னொருத்தர் தூக்கிக் குளிப்பாட்டுவது என்ற நினைப்பே எனக்கு ஆகாது. நடந்து பார்த்தேன், கொள்ளுக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் இறங்கவில்லை. அப்புறம்தான் இந்த டாக்டரிடம் அனுப்பினார்கள்.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிட, இது எப்படி என்று அறிகிற ஆசைதான் எனக்கு அதிகம். டாக்டர் ஒரு தாளில் வயிற்றின் படத்தை வரைந்து, பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவோம், மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும் என்றார்.

"எந்தப் பழம் டாக்டரே?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். வெளியூர்க்காரர், பாவம்.

"எங்க ஊர்ல மட்டியும் உண்டு, ஏத்தனும் உண்டு. மட்டின்னா ரெண்டு கடிக்குக் காணாது. ஏத்தன்னா ஒரு ஆளுக்கு ஒரு நேரப் பலகாரமாக்கும். அதான் கேட்டேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் நம்ம பக்கத்துப் பிள்ளை. சிரித்துக்கொண்டே, "ரசகதலின்னு வச்சுக்கிடுங்க அம்மா" என்றாள். வெட்டின துண்டை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். அதை எனக்கு ஒரு தரம் காட்ட முடியுமா என்று கேட்டேன். நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்களே என்றார். "முழிச்ச பிறகு காட்டலாம்லா?" என்றேன். அவர் படம் வரைந்த தாளை மடித்து என் கையில் தந்தார்.

அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு சாப்பாட்டு விஷயம் கேட்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி ஒரு தோசை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் மாறாமல், "இவ்வளவுதான்னா இந்த எடை வராதே அம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "பொய் சொல்லி எனக்கு இங்க என்ன கிட்டப் போவுது மக்களே?" என்று கேட்டுவிட்டேன்.

திரும்ப டாக்டரிடம் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் நீராகாரம், பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாடு, அதனால் வீட்டில் அடுக்களையைப் பார்க்கிறவர் யாரோ அவரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"அடுக்களையைப் பாக்கது நான்தான்."

"அப்ப உங்களைப் பார்க்கிறது யாரு?"

நானும் யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒரு பெயர் வரவில்லை. வீட்டு ஆள் ஒருவர் வந்து பேசாமல் தேதி தர முடியாது என்று அவர் முடித்துவிட்டார்.

வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. மகன் மஸ்கட்டில். மருமகள் நாகர்கோவிலில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பேத்தி பிளஸ் டூ. மருமகளுக்கும் எனக்கும் சண்டை என்று ஒரு நாளும் வந்தது கிடையாது. அவள் உண்டு அவள் வேலை உண்டு. வந்த நாளில் இருந்து அடுக்களை என்னுடையது. அவளிடம் ஒரு டம்ளர் வெள்ளம் எடுத்துத் தா என்றுகூட நான் கேட்டதில்லை. இந்த வயதில் மெலிய வேண்டும் என்று ஆபரேஷனுக்குப் போகிறேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல? கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யப் போகிறவர்களையும் ஒரு ஹாலில் உட்கார்த்திப் பேசவிடுவார்கள். என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று போனேன். எல்லாம் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள். கல்யாண மண்டபத்தில் எழும்பும்போது நாற்காலியும் கூடவே எழும்பிவிடுமோ என்கிற பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது இருந்தது.

என் பக்கத்தில் குளச்சலில் இருந்து வந்த ஒரு அம்மா. துணிக்கடைக்காரர் வீட்டம்மா, தலையில் முக்காடு. ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் கழிந்ததாம். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. பழைய உடம்புக்கு வாங்கினது.

"எக்கா, புதுசா?" என்று அவளே ஆரம்பித்தாள்.

கேட்கத் தொடங்கினேன். பசி எடுக்குமா, முடி கொட்டுமா, ஒரு வாய் கூடப் போனால் என்ன ஆகும், ஏப்பம் வருமா. எல்லாவற்றுக்கும் சலிக்காமல் சொன்னாள்.

"முடி கொட்டிச்சு, பொறவு முளைச்சிற்று. பசி வராது எக்கா. கொதிதான் வரும். பக்கத்து வீட்டுல நெய்ச்சோறு மணந்தா எனக்குக் கண்ணுல வெள்ளம் வந்திரும், பாத்துக்கிடுங்க."

சாப்பாட்டுப் பெண் என்னை நம்பவில்லை என்ற கோபத்தையும் அவளிடம் கொட்டினேன். அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"நானும் இதத்தான் சொன்னேன், ஒண்ணும் திங்கல்லன்னு. செரி, உங்க வீட்டுல மிச்சம் வந்தா அது எங்க போகும்?"

"எங்க போகும்? நான் ஒண்ணையும் வீணாக்க மாட்டேன்."

"அதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் போன் நம்பரை என் போனில் போட்டுத் தந்தாள். அதற்கு மேல் விளக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான். மிச்சம் எங்கே போகிறது? வயலில் விளைந்தது களத்துக்கு வந்து சேராவிட்டால் எங்கே போயிற்று என்று பார்க்கிற குடும்பம் எங்களுடையது. இதையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

திங்கட்கிழமை காலையில், எங்கள் ஊரில் சருவம் என்கிற வாயகன்ற பெரிய பாத்திரம் ஒன்றைக் கழுவி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டில் போட்டுக்கொள்வதைச் சாப்பிடலாம். மற்ற நேரத்தில் கை எதை வாய்க்குக் கொண்டுபோனாலும் அது வாய்க்குப் போகக் கூடாது, சருவத்துக்குத்தான் போக வேண்டும். இதுதான் எனக்கு நானே போட்ட சட்டம்.

விளையாட்டுப் போலத்தான் இருந்தது. பேத்தி பாதியில் விட்ட இட்லி, சருவத்தில் விழுந்தது. தேங்காய் துருவும்போது ஒரு கீற்று. அவியலில் உப்புப் பார்க்க ஒரு கரண்டி, தயிர் விட்ட பிறகு சேர்ந்திருக்கிறதா என்று இன்னொரு கரண்டி. எரிசேரிக்குத் தாளித்த தேங்காய்ப்பூ சட்டியில் ஒட்டிக் கிடந்தது, அதை வழித்து ஒரு உருண்டை. டிவி பார்க்கும்போது முறுக்கு. சாயங்காலம் இரண்டு டிபன் பாக்ஸும் திரும்பி வந்தன. அடியில் கிடந்த சோறும் துவரன் பொரியலும் என் கைக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் கை பாதி வழி போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கையை ஏதோ வேற்று ஆளின் கை போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபோது பானையில் கிடந்த சோற்றையும் போட்டேன். சருவத்தின் மூடி உட்காரவில்லை.

மருமகள் பாத்திரம் எடுக்க வந்தவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தே, இதென்ன? மாட்டுக்கா?"

"இல்லே."

"பின்னே ஆருக்கு?"

"எனக்காக்கும்" என்றேன். வேறு வழி இல்லாமல் முட்டியில் இருந்து ஆபரேஷன் வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்காக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனியளா? பஸ்ஸுல இருந்து ரெண்டு தரம் பாத்தேன் அத்தே. எண்ணெய் தேய்க்கப் போறேன்னியளே, இங்க எதுக்கு ஏறுகான்னு... கேன்சரா இருக்குமோன்னு நெனச்சு எனக்கு உறக்கமே இல்ல."

"கேட்டிருக்கலாம்லா ஏட்டி?"

"கேட்டா உடனே சொல்லிருவியளாக்கும்!"

என் முகத்துக்கு நேரே அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சருவத்தைப் பக்கத்தில் இழுத்தாள். மாமியாரும் மருமகளும் குனிந்து உட்கார்ந்து, புதையலைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம்.

"இது பிள்ளைக்க இட்லி. இந்தத் துவரன் எனக்க பாக்ஸுல உள்ளது. அப்போ இவ்வளவு சோறு ஏது?"

"அது ஆராவது வந்தா வேணும்லா?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். அரிசி அளந்து போட்ட பிறகு, சொல்லாமல் வருகிற ஆளுக்கு என்று மேலே ஒரு பிடி போட வேண்டும். பானை காலியாக இருக்கும்போது வாசலில் ஆள் வந்து நிற்கக் கூடாது. மாமியார் கையில் இருந்து என் கைக்கு வந்த பழக்கம் அது.

"இப்ப ஆரு அத்தே சொல்லாம வாரா? போன் பண்ணிட்டுல்லா வாராங்க. கடைசியா சொல்லாம வந்தது ஆரு?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு முகம் வரவில்லை. ஆனால் பிடி அரிசி மட்டும் தினமும் வெந்துகொண்டிருந்தது. வராத விருந்தாளிக்கான சோற்றை, வீணாகக் கூடாது என்று, தினமும் நின்றபடியே நான் தின்றிருக்கிறேன். நின்று தின்றது எனக்குச் சாப்பாடாகவே தெரியவில்லை. சாப்பாட்டுப் பெண்ணிடம் நான் சொன்னது பொய் இல்லை. எனக்கே தெரியாததை அவளிடம் எப்படிச் சொல்ல?

மருமகள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். டாக்டரிடம் என்னைவிட அதிகம் கேள்வி கேட்டது அவள்தான். தேதி கிடைத்தது.

நீராகார நாட்கள் தொடங்கிய அன்று காலையில், அகப்பையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். தாலி கட்டி வந்த நாள் முதல் பிடித்த அகப்பை. கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அரிசி அளந்து போட்டாள். பழக்கத்தில் என் கை டின்னுக்குள் போயிற்று. அவள் என் கையின் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம் அத்தே."

"ஆராவது வந்தா?"

"வந்தா அப்ப வடிச்சுக் குடுப்பேன். நான் பின்னே எதுக்கு இருக்கேன்?"

நான் பிடி அரிசியைத் திரும்ப டின்னில் விட்டேன்.

அந்த நாட்கள் லேசாக இருக்கவில்லை. மோரும் பருப்புத் தண்ணீரும், ஆஸ்பத்திரியில் தந்த பொடியைக் கலக்கின பாலும்தான். அவள் உள்ளித்தீயல் வைத்தால் நான் முன்னறையில் இருந்தே, "தேங்காய் கருகுது, இறக்கு" என்பேன். "மோந்து பாத்தே உப்பும் சொல்லிருவியளா?" என்று அங்கே இருந்து பதில் வரும். ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் குளச்சல்காரிக்குப் போன் போட்டேன். "கொதி வந்திற்று" என்றேன். "அடுக்களைப் பக்கம் நிக்காதீங்க எக்கா. முற்றத்துல இறங்கி நடங்க, நான் போனை வைக்க மாட்டேன்" என்றாள். தென்னைமரங்களைச் சுற்றி, முட்டி வலிக்க வலிக்க, பைய நடந்தேன். அவள் தன் கடையில் நடந்த ஏதோ சேலைச் சண்டையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சண்டை முடியும்போது கொதியும் போயிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வெட்டின துண்டைத்தான் கடைசி வரை எனக்குக் காட்டவில்லை. அந்தக் குறை இன்னும் உண்டு. இப்போது கதவு நிலையைப் பிடிக்காமல் எழும்புகிறேன். முட்டிக்கும் நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடெல்லாம் முடிந்து பானையைக் கவிழ்த்த பிறகு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குளச்சல்காரி! பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவள், அங்கே அண்டா அண்டாவாக வெந்த பிரியாணிக்குப் பயந்து ஓடி வந்துவிட்டாளாம். போனும் இல்லை, தகவலும் இல்லை. எனக்கு முகம் சுட்டது. இத்தனை காலம் காத்திருந்து, பிடி அரிசி போடுவதை நிறுத்திய பிறகா ஒரு ஆள் வர வேண்டும்?

மருமகள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, டின்னில் இருந்து ஒரு பிடி அள்ளி அடுப்பில் ஏற்றினாள். சுடச்சுட வடித்து, மோர் ஊற்றிப் பிசைந்து, இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். விருந்தாளி நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தொட்டாள். நானும் வைத்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் போக அந்த ஒரு பிடியிலேயே மிச்சம் கிடந்தது.

"இத இப்ப ஆரு தின்னுகது எக்கா?" என்று அவள் கேட்க, மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பேத்தி உள்ளேயிருந்து எழும்பி வந்துவிட்டாள். மிச்சத்தை மருமகள் முற்றத்துக் கோழிகளுக்குப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை எழும்பவில்லை.

என்றைக்கோ வரப்போகிற, முகம் தெரியாத ஆளுக்கென்று தினமும் ஒரு பிடி கூடப் போட்ட எனக்கு, கூப்பிட்டால் வருவதற்கென்றே ஒருத்தி என் வீட்டுக்குள் இருந்தாள் என்பது தெரிய ஒரு சருவம் நிறைய வேண்டியிருந்தது.