மீன்கொத்தியின் அலகில் ஒரு சிவப்புக் கோடு

1

சிம்மக்கல் பக்கம் இருந்த எங்கள் அச்சகத்தில் பதினோரு வருடம் நான் ஒருவனே ஆர்ட்டிஸ்ட். பீடி லேபிள், ஜவுளிக்கடைக் காலண்டர், எல்லாமே என் கை. எழுபத்தொன்பதில் பசுமலையிலிருந்து ஜெயசீலன் வந்து சேர்ந்தான். முதல் நாளே அவன் மேசையை ஜன்னலோரம் போடச் சொன்னார் முதலாளி. அந்த வெளிச்சம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அன்றைய டைரியில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

2

அடுத்த வாரம் பரவையிலிருந்து ஒரு பீடிக் கம்பெனிக்காரர் பழைய ஆல்பம் ஒன்றோடு வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்த பட அட்டைகள். தீப்பெட்டி அகலம்தான், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இறகின் பளபளப்பு முழுக்கப் பொடிப் புள்ளிகள்.

"இதே மாதிரி பன்னெண்டு பறவை வேணும். கட்டுக்கு ஒண்ணு வைக்கப் போறேன்" என்றார்.

முதலாளி எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரும் மீன்கொத்தியப் போடுங்க. எது இவருக்குப் புடிக்குதோ, அந்த ஆளுக்கே பன்னெண்டும்."

பதினோரு வருடத்தில் என் வேலைக்கு யாரும் போட்டி வைத்ததில்லை.

3

நான்கு நிறத்துக்கு நான்கு ஜிங்க் பிளேட். ஒவ்வொன்றிலும் அந்த நிறத்தின் புள்ளிகளைக் கையால் வைக்க வேண்டும். அச்சில் நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதை ரெஜிஸ்டர் என்போம்.

ஆல்பம் எங்கள் நடுவே ஸ்டூலில் இருந்தது. அசல் அட்டையில் மீன்கொத்தியின் அலகில், இடது ஓரமாக மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. வலது ஓரத்தில் வெள்ளை இடைவெளி. வெளிச்சம் காட்ட அந்த ஓவியன் செய்த நுணுக்கம் என்று வியந்து, இரண்டையும் அப்படியே வைத்தேன். ஜெயசீலனோ அடிக்கடி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அவன் பிளேட்டில் அந்தக் கோடு இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"ஏம்ப்பா, அலகுல செவப்புக் கோடு இருக்கே, கண்ணுக்குத் தெரியலையோ?"

"தெரியுதுண்ணே. ஆனா அது..."

"தெரிஞ்சுமா விட்ட? அசல்ல உள்ளத அப்படியே போடுறதுதான்ப்பா நம்ம வேல."

அவன் தன் பிளேட்டின் மேல் குனிந்துகொண்டான்.

4

புரூஃப் போடும் நாள். மிஷின்மேன் காசி அண்ணன், ஜெயசீலனின் பிளேட்டை அரை மணியில் முடித்துவிட்டார். என்னுடையது சேரவே இல்லை. அலகைச் சேர்த்தால் மார்பு விலகியது. மார்பைச் சேர்த்தால் அலகு.

"செவப்பு பிடிபட மாட்டேங்குதே மாப்ள."

"அவன் பிளேட்டு மட்டும் சேரும், என்னோடது சேராதோ?"

"நீ வரஞ்சதத்தான்யா மிஷின் அடிக்கும்!"

ஜெயசீலன் ஆல்பத்தோடு வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அங்கே அதே மீன்கொத்தி, இன்னொரு பிரதி. அலகில் கோடு இல்லை.

"இது சுத்தமா இருக்குண்ணே. நீங்க பாத்த அட்டையில அவங்க மிஷின்ல செவப்பு நகந்துருக்கு. அன்னைக்கே சொல்ல வந்தேன்."

காசி அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அடப்பாவி! வெள்ளக்காரன் மிஷின் செஞ்ச தப்ப நீ கையால புள்ளி புள்ளியா வரஞ்சியா? இம்புட்டு நேரமா அதப் போயி நான் திருகிக்கிட்டு இருந்தேனே!"

பன்னிரண்டு பறவையும் ஜெயசீலனுக்குப் போயின. அட்டையின் பின்பக்க எழுத்து எனக்கு வந்தது.

5

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அச்சான படத்தைப் பார்த்து வரையும்போது ஒரே பிரதியை நம்பாதீர்கள். எது ஓவியனின் கை, எது மிஷினின் பிசகு என்பது இரண்டாவது பிரதியில்தான் தெரியும். அவன் மேசையை நான் எட்டிப் பார்த்த நேரத்துக்கு, அந்த ஆல்பத்தைப் பத்துத் தடவை புரட்டியிருக்கலாம்.

அவன் வரைந்த பன்னிரண்டும் என் டைரியில் ஒட்டியிருக்கின்றன. இன்றும் சில நாட்களில் லென்ஸை எடுத்து அந்த மீன்கொத்தியைப் பார்க்கிறேன், ஒரு புள்ளியாவது பிசகியிருக்காதா என்று. இதுவரை கிடைக்கவில்லை.