ஏழரைக்கு மூடிய தேர்வு

இது நடந்தது. தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று எனக்கே பலமுறை சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் அன்று என் வகுப்பு டைரியில் குறித்த நேரங்களை மட்டும் நம்பி எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்டிவனத்தில் என் வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு. யார் விடை அனுப்பினாலும் என் லேப்டாப்பில் ஒரு வரிசை மொத்தமாக வந்து விழும். பெயர், ஐந்து விடைகள், கடைசியில் ‘அக்காவிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்று ஒரு கட்டம்.

அன்று பாடம் ஒலியியல். 6.50க்கு வெண்ணிலா கூப்பிட்டாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கரும்புக்கு நடுவில் அவள் வீடு.

“அக்கா, அப்பா இப்பதான் ஃபோனு எடுத்துக்கினு வந்தாரு. வீட்ல நெட்டே எடுக்கல. எட்டு வரைக்கும் தொறந்து வைங்கக்கா.”

“உனக்கு மட்டும் தனிச் சட்டமா? நெட்டு எடுக்கிற எடமா பாத்துப் போ. ஏழரைக்கு மூடிடுவேன்.”

“கெணத்து மேட்டுல எடுக்கும்க்கா. ஜல்தியா அனுப்பிடறேன்.”

7.30. பத்துப் பேர் அனுப்பியிருந்தார்கள். அவள் இல்லை. மூடினேன்.

வாட்ஸ்அப் குழுவில் ரஞ்சித் எழுதினான்: “வெண்ணிலா இன்னும் கரும்புக்குள்ள டவர் தேடிக்கினு கீறா.”

நானும் சிரித்தேன்.

7.41. பதினோராவது வரிசையில் ஒரு பெயர். வெண்ணிலா.

தேர்வை மூடினேனா என்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

பெயர் மட்டும்... விடைகள் இல்லை.

7.43. முதல் விடை வந்தது. மொத்தமாக அல்ல. எழுத்து எழுத்தாக...

அவளுக்கு ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

7.46. கேள்வி மூன்று. ஒலி வேகமாகச் செல்வது காற்றிலா, நீரிலா?

“தண்ணியிலதான்க்கா. அம்மா கூப்டறது இங்க நல்லா கேக்குது.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

7.49. கடைசிக் கட்டம்.

“லேட்டாயிடுச்சாக்கா?”

அவ்வளவுதான்.

காலையில் செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம் பக்கத்துக் கொல்லை அப்பாதுரைக்குக் கேட்டிருக்கிறது. தென்னை மட்டை என்று இருந்துவிட்டார். ஒன்பதரைக்குத்தான் அவளை எடுத்தார்கள். ஃபோன் அவள் கைப்பிடியிலேயே இருந்திருக்கிறது.

எட்டு வரை திறந்து வைத்திருக்கலாம். அரை மணி நேரம்.

அவள் அம்மா ஜெயம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏழே முக்கால் இருக்கும் டீச்சர். கெணத்தாண்ட நின்னு மூணு வாட்டி கூப்ட்டேன். சத்தமே இல்ல. இங்க இல்லன்னு போய்ட்டேன். அவளுக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்காதுங்க,” என்றேன்.