சுவருக்கு அப்பால் எண்ணிய குரல்

2024 டிசம்பர் 15, ஞாயிறு. காலையில் மோட்டார் போட்டேன், பால் காய்ச்சினேன், சைக்கிளைத் துடைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். ஆவடித் தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கிற வேலை. அளந்து பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

எங்கள் மகள் மதிக்கு இரண்டு வயது. சில நாட்களாகச் சளி. அன்று இருமல் குறைந்திருந்தது, மதியம் சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். குளிருக்கு என்று என் மனைவி வசந்தி இரண்டு ஸ்வெட்டர் போட்டுக் கம்பளியில் சுற்றியிருந்தாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் குரல். ஒன்று, இரண்டு என்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. சுவரில் காதை வைத்தேன்.

"இன்னாங்க, இந்த வயசுல ஒட்டுக் கேட்டுகினு கீறீங்க?" என்றாள் வசந்தி.

"பக்கத்துல யாரோ எண்ணுறாங்க."

"ஆளே இல்லாத ஊட்லயா? போய் மூஞ்ச கழுவுங்க."

அப்போதுதான் உறைத்தது. அந்த வீடு காலியாகி, பூட்டி சீல் வைத்து மாதக்கணக்காகிறது. ஆனால் குரல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டிலில் மதியின் கம்பளி ஏறி இறங்கியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஐம்பத்தெட்டில் குரல் நின்றது.

ஓடிப்போய்க் கம்பளியை விலக்கி ஸ்வெட்டரைத் தூக்கினேன். மதி மூச்சை இழுத்தபோதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஐயோ, இன்னாங்க இப்டி உள்ள போவுது!"

கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் நானே எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்து உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

"இருமல் கொறஞ்சிச்சேன்னு வுட்டுட்டோம் டாக்டர்" என்று அழுதாள் வசந்தி.

"இருமல மட்டும் பாத்தா போதாதும்மா. சட்டையத் தூக்கி நெஞ்சப் பாக்கணும், மூச்ச எண்ணணும். இந்த வயசுல நிமிஷத்துக்கு நாப்பதத் தாண்டுனா ஆபத்து. சார் எண்ணிட்டு வந்ததாலதான் தப்பிச்சோம். யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தேன்.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்துக் கதவில் சீல் அப்படியே இருந்தது, மேலே ஒட்டடை. உள்ளே போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்தச் சுவரில் காதை வைத்தேன். குரல் எண்ணிக்கொண்டிருந்தது. இந்த முறை நிதானமாக. முப்பத்திரண்டில் நின்றது.

போன் அடித்தது. வசந்தி.

"ஏங்க, நர்சம்மா இப்பதான் எண்ணிட்டுப் போனாங்க. முப்பத்திரெண்டாம். கொறஞ்சிட்டு வருதாம். ஏங்க, கேக்குதா?"