விரதக் களை என்று எல்லோரும் சொன்ன நோய்

இது நடந்தது சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில், அச்சுவேலியில் எங்கள் வீட்டில். நல்லூர்த் திருவிழா முடிந்து, தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் கொடியேறியிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் சிலர் நல்லூர் விரதத்தை அப்படியே சந்நிதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். நானும் அந்த ஆள்தான். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. தேரன்று வீட்டிலிருந்து பாற்செம்பு எடுத்து, வெறுங்காலோடு சந்நிதி வரைக்கும் நடப்பதாக நேர்த்தியும் வைத்திருந்தேன்.

எனக்குத் தொழில் கேக் அடிப்பது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று ஓடர் வந்துகொண்டே இருக்கும். விரத காலத்தில் ருசி பார்க்க முடியாது, கைப்பழக்கத்தை நம்பித்தான் வேலை ஓடும். அந்தக் கைதான் அந்த வருடம் என்னை ஏமாற்றத் தொடங்கியது. ஐசிங்கில் பெயர் எழுதப் போனால் எழுத்து கோணும். சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப எழுதினால் இன்னும் கோணும். பிறந்தநாள் பிள்ளையே எழுதின மாதிரி இருக்கிறது என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். பட்டினிக் கை நடுங்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உடம்பும் நன்றாக மெலிந்திருந்தது. வளையல் கழன்று மாவுக்குள் விழும். ஆனால் கழுத்துச் சங்கிலி மட்டும் முன்பைவிட இறுக்கமாக இருந்தது. அது எப்படி என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. ஃபானுக்குக் கீழேயே வியர்த்துக் கொட்டும். படுத்தால் நித்திரை வராது, நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஒருநேரச் சாப்பாட்டுக்குக் கழிப்பறைக்கு மட்டும் நாலு தரம் ஓடுவேன். அடுத்த வீட்டில் இருக்கும் மச்சாள் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடாத குறை. “மச்சாள், விரதம் எண்டால் இதுதான் விரதம். கண்ணைப் பாருங்கோ, என்ன களை!” என்பார். உண்மையில் கண் இரண்டும் பெரிதாகி, பளபளவென்று வெளியே தள்ளிக்கொண்டு இருந்தன. மற்றவர்களும் அதையே சொன்னார்கள், கேட்கக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன வருடமும் இதே விரதம்தான் பிடித்தேன், அப்போது ஏன் இந்தக் களை வரவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேருக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை பின்னேரம், முதல் நன்மை கேக் ஒன்றை எடுக்க ஒரு பெண் வந்தார். குருநகரில் பிறந்து, எங்கள் ஊருக்குக் கலியாணம் முடித்து வந்தவர். ஃபோனில் ஓடர் தந்ததோடு சரி, அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. மகளுக்கு மறுநாள் மாதா கோயிலில் முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. பெட்டியைத் திறந்து காட்டினேன். மகளின் பெயர் மழையில் நனைந்த மாதிரி நெளிந்து கிடந்தது. அவர் கேக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையே எனக்குப் போதுமாக இருந்தது. “பிடிக்காட்டி விட்டிட்டுப் போங்கோ! அச்சிலை வாத்த மாதிரி எழுத்து வேணுமெண்டால் மெஷினிட்டைப் போய்க் கேளுங்கோ!” என்று கத்திவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு மூக்கு நுனியில்தான் கோபம். என் வீட்டுக்காரர், வெங்காய லொறியோடு தம்புள்ளைக்குப் போனால்தான் தனக்கு நிம்மதி என்று பகிடியாகச் சொல்லுவார். அன்றும் அவர் தம்புள்ளையில்தான் இருந்தார்.

வேறு யாராவது என்றால் திருப்பிக் கத்திவிட்டுப் போயிருப்பார்கள். நான் என்றால் கட்டாயம் போயிருப்பேன். அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஏசுங்கோ அக்கா. எங்கடை மூத்தக்காவும் இப்பிடித்தான் ஏசினவ” என்றார்.

பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஏன் என்று தெரியாமலே நீட்டினேன். விரல்கள் பத்தும் தனித்தனியாக நடுங்கின. நித்திரை வருதில்லையோ, வியர்க்குதோ, நெஞ்சு அடிக்குதோ, மாத சுகயீனம் பிந்துதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்குள் இருந்து பார்த்த மாதிரிச் சொல்கிறாரே! தண்ணீர் தந்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். கழுத்தடியில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியதாம்.

அவருடைய அக்காவுக்கு வீட்டில் கோபக்காரி என்று பெயர் வைத்திருந்தார்களாம். ஒருநாள் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குசினியில் விழுந்த பிறகுதான், அது கோபம் இல்லை, தைரொயிட் என்று தெரிந்ததாம். அக்கா தப்பியது அருந்தப்பு.

எனக்கு நம்ப மனமில்லை. தைரொயிட் என்றால் உடம்பு ஊதும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். “நான் விரதக்காரி, அதுதான் மெலிஞ்சனான். தேருக்கு நடக்க வேணும், இப்ப டொக்டரிட்டை வரேலாது” என்றேன்.

“நான் வேதக்காரி அக்கா, உங்கடை முருகனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனா தன்ரை பிள்ளை றோட்டிலை விழ வேணுமெண்டு எந்தத் தகப்பனும் கேக்க மாட்டார். எழும்புங்கோ.”

எழும்பினேன். கேக்கை மேசையில் விட்டுவிட்டு, தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தியில் இருந்த டொக்டரிடம் காட்டினார். அடுத்த நாள் மகளுக்கு முதல் நன்மை, வீட்டில் ஆயிரம் வேலை கிடந்திருக்கும். ஒருதரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

டொக்டர் நாடியை ஒருதரம் பிடித்தார், நம்பாத மாதிரி இன்னொருதரம் பிடித்தார். “விரதத்திலை மெலியலாம், அம்மா. சும்மா இருக்கேக்கை நெஞ்சு இப்பிடி ஓடாது” என்றார். துடிப்பைக் குறைக்க ஒரு குளிசை தந்து, விரதத்தையும் நடையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். என்னை வீட்டில் இறக்கிய பிறகுதான் அந்தப் பெண் நெளிந்த எழுத்துக் கேக்கை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கவும் அந்தப் பெண்தான் கூட வந்தார். முடிவு வந்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கழுத்திலுள்ள சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது, உடம்பு முழுவதையும் துரத்துகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்த நெஞ்சோடு, வெறும் வயிற்றில், ஆவணி வெயிலில் நடந்திருந்தால் சந்நிதி போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தேரன்று காலையில் வாசலில் ஸ்கூட்டிச் சத்தம். நேர்த்தியை விட்டுவிட்டேனே என்று நான் மனம் உடைந்து இருப்பேன் என அவருக்குத் தெரிந்திருக்கிறது. புட்டும் சம்பலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நான் சந்நிதிக்குப் போன ஒரே தேர் அதுதான். பாற்செம்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வரவில்லை. நான் கும்பிட்டுவிட்டு வரும் வரைக்கும் என் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு, அந்தச் சனத்துக்குள், வீதி மணலில் நின்றார். முருகனிடம் அன்று எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவருக்காகவும் அவருடைய மகளுக்காகவும்தான் கேட்டேன்.

ஒன்றரை வருடம் குளிசை எடுத்தேன். மாதாமாதம் கிளினிக், இரத்தப் பரிசோதனை. கண் மெல்ல அடங்கியது, உடம்பு தேறியது, நித்திரை வந்தது. மச்சாளுக்கு மட்டும் களை போய்விட்டதே என்று கொஞ்சம் கவலை. இப்போது ஊரில் யாராவது திடீரென்று மெலிந்தால், விரதமோ டயட்டோ என்று கேட்பதோடு நிறுத்தாமல், கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். பைத்தியக்காரி என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

என்னை மெச்சியவர்கள் எல்லோரும் என் கண்ணில் களையைத்தான் கண்டார்கள். நான் கத்தித் துரத்திய ஒருவர் மட்டும் போகாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார், அதனால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன்.