புடவைப் பெட்டியில் போன கதைகள்

என் முதல் கதையை அச்சில் பார்த்தபோது அதன் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது, காலடியில் 'சுபம்' என்று இருந்தது. கதை, குடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டை எட்டி உதைக்கிற புருஷனைப் பற்றியது. ஆரணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்காரரிடம் இலக்கியத்தைக் கொடுத்தால் இப்படித்தான் வரும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் விட்டாரே, அதற்கே அவருக்குக் கும்பிடு போட வேண்டும்.

அவரிடம் போக ஆசைப்பட்டு ஒன்றும் நான் போகவில்லை. சென்னையில் யாரும் என்னைச் சீந்தவில்லை, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். மாமனார் பட்டுப் புடவைக் கடை வைத்திருந்தார். மத்தியானம் வரை சமையல், அப்புறம் கடையில் பில் போடுகிற வேலை, நடுவில் கிடைக்கிற நேரத்தில் கதை. வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். நானே தபால்தலை ஒட்டி வைத்த உறையில் கதை பத்திரமாகத் திரும்பி வரும். தபால்காரர் அதைக் கடை நடுவில் நின்று, "உங்க மருமக பொண்ணுக்கு வந்துக்குதுங்க" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் நீட்டுவார். ஒரு ஆசிரியர் ஓரத்தில் 'குடும்பப் பாங்காக எழுதவும்' என்று குறித்திருந்தார். அவர் வீட்டுக் குடும்பம் எப்படியோ எனக்குத் தெரியாது. நான் எழுதியது எங்கள் தெருவில் இருந்த குடும்பங்களைத்தான்.

சரி, புத்தகமாகவே போட்டுவிடலாம் என்று கணவரை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் ஒரு பதிப்பாளரைப் பார்த்தேன். எழுதியவள் நான், ஆனால் அவர் பேசியதெல்லாம் கணவரிடம். மேடம் சமையல் குறிப்பு, கோலம் இந்த மாதிரி ஏதாவது எழுதுவாங்களா, அதெல்லாம் நன்றாகப் போகும் என்றார். கதைதான் என்றால் அச்சுச் செலவு எங்களுடையதாம். அச்சான புத்தகத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்பதும் நாங்களேதானாம். அப்படியென்றால் இந்த மனுஷன் நடுவில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆற்காடு வரும்வரை பஸ்ஸில் புலம்பித் தீர்த்தேன். கணவர் "ஆமா, ஆமா" என்று தூங்கிக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் ஒரு தகராறு. ஒரு அம்மாள் பட்டுப் புடவையைச் சோப்புத் தூளில் ஊறப் போட்டுவிட்டு, சாயம் போய்விட்டது என்று கடையில் வந்து கத்தினார். எப்படித் துவைக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மாமனாருக்கு ரொம்பப் பேஜாராகிவிட்டது. இனிமேல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு போட்டுவிட வேண்டும், நீதான் பி.ஏ. தமிழ் படித்திருக்கிறாயே, எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். முதலில் வெறும் தண்ணீரில் அலசவும், நிழலில் காயவைக்கவும், அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடிக்கவும், இல்லையென்றால் மடிப்பிலேயே பட்டு கிழியும்.

அச்சகத்துக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது, அம்மன் படம் ஏதாவது போடட்டுமா என்றார். கப்பென்று பிடித்துக்கொண்டேன். சாமி வேண்டாம், நான் ஒன்று தருகிறேன் என்றேன். ராத்திரியெல்லாம் வெட்டி வெட்டி ஒரு கதையை அந்தப் பக்கத்துக்குள் அடக்கிக் கொடுத்தேன். என் பெயர் போட இடமில்லை. மாமனார் முன்பக்கத்தைப் படித்து நன்றாக இருக்கிறது என்றார். பின்பக்கம் பொடி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைவு. சீட்டு தீர்ந்து மறுபடி அடிக்கும்போதெல்லாம் துவைக்கிற விதி அதேதான் இருந்தது, பின்னால் கதை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

முகூர்த்தப் பட்டு எடுக்க எங்கள் கடைக்கு வேன் பிடித்து வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அத்தை, சித்தி, நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரிந்த ஒரு மாமா, எதற்கு வந்தார் என்றே தெரியாத இன்னொரு மாமா. கட்டப் போகிறவள் மட்டும் வரமாட்டாள். தாலி கட்டுகிற புடவை மாப்பிள்ளை வீட்டு உரிமை. அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்பது யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. எல்லோரும் பார்த்து, தடவி, மூக்கைச் சுளித்து முடித்த பிறகு பெட்டி கடைசியாக அவளிடம் போகும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் திறப்பாள். முதலில் கையில் வருவது என் சீட்டு. இப்படி ஒரு வாசகியை எந்தப் பதிப்பாளர் பிடித்துத் தருவார்? அதுவும், மடிப்பை மாற்று என்று நானே உத்தரவு போட்டிருப்பதால் வருஷத்துக்கு நாலைந்து தரம் எடுப்பாள், நாலைந்து தரம் படிப்பாள்.

படிப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டதுதான். ஒருத்தியும் வந்து சொன்னதில்லை. சீட்டைப் பெட்டியோடு தூக்கிப் பரணில் போடுகிறார்களா, அடுப்புப் பற்ற வைக்கிறார்களா, யாருக்குத் தெரியும்? அது என்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒருத்தி படித்தேன் என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒரு தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கதை கொடுத்தேன். மண்டபத்தில் மணப்பெண் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத கத்தரிப்பூ கலர். பச்சை வந்தால் மணையில் உட்காருகிறேன், இல்லையென்றால் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியனுப்புகிறாள். நல்ல நேரம் போய்விடுகிறது. பச்சைப் புடவை வந்து சேர்கிறது. ராகு காலத்தில் தாலி ஏறுகிறது. அதற்கப்புறம் அவர்களும் மற்றவர்களைப் போலவே சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அச்சகத்துக்காரருக்கு இது ஜீரணமாகவில்லை. ராகு காலத்தில் தாலி கட்டுவது அச்சகத்துக்கு ஆகாது என்றார். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். பரிகாரமாக இரண்டு பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டார்.

அந்தத் தையிலேயே ஒரு நாள் கடைக்குப் போன் வந்தது. களம்பூரில் நெல் மில் வைத்திருக்கிற வீட்டு அம்மாள். மகன் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் வேன் நிறைய ஆட்களோடு வந்து கத்தரிப்பூ கலரில் எடுத்துப் போயிருந்தார். போன் என் காதுக்கே கேட்டது. உங்கள் பெட்டியில் இருந்த பேப்பரைப் படித்துவிட்டுப் பெண் இந்தப் புடவை வேண்டாம் என்கிறாள், என்ன கடை நடத்துகிறீர்கள் என்று கேட்டார். மாமனார் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சீட்டைத் திருப்பினார். முழுவதும் படித்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா இது, கடைய மூடிகினு போறதுக்கா?" என்றார்.

 அலமாரியில் இருக்கிற எல்லாப் பெட்டியிலிருந்தும் சீட்டை எடுக்கச் சொன்னார். நானும் கணவரும் உட்கார்ந்து எடுத்தோம். பழைய பெட்டிகளில் பழைய கதைகள், புதியதில் புதியவை. என் மொத்த எழுத்தும் ஒரு கட்டாகச் சணலில் கட்டப்பட்டு எதிர்ப்புறம் இருந்த பஜ்ஜிக் கடைக்குப் போனது. சாயங்காலம் கணவர் சமாதானத்துக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் சோற்றுத் தட்டை உதைக்கிற புருஷன் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறான். அதுவும் ஒரு விநியோகம்தான், விற்பனை பதிப்பாளரைவிட நன்றாகவே நடந்திருக்கும். பஜ்ஜியைத் தின்றேன். அப்புறம் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மறுநாளே களம்பூர் அம்மாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து பெட்டியைப் பலகையில் வைத்தார். மாமனார் சோடா வரவழைத்தார். எல்லாச் சீட்டையும் எடுத்தாகிவிட்டது, உங்களிடம் இருப்பதையும் கொடுத்துவிடுங்கள், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று தணிவாகச் சொன்னார். அந்த அம்மாள் சோடாவைக் கீழே வைத்தார்.

"அது எங்கிட்ட கீதுன்னு யாரு சொன்னாங்க? புடவைய வேணா எடுத்துகினு போங்க, பேப்பர குடுக்க மாட்டேன்னு பொண்ணு பீரோல வெச்சி பூட்டிகினா. இத்த யாரு எழுதனாங்கன்னு வேற கேட்டுகினு வரச் சொன்னா."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. மாமனார் என்னைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார்.

"எம் மருமவதாங்க" என்றார். புடவை விலை சொல்லும்போது எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரல்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட இருந்தது. எழுதத் தெரிகிறதல்லவா, அப்படியென்றால் நீயே ஒரு கலர் எடுத்துக் கொடு என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "அந்தப் பொண்ணே வந்து எடுக்கட்டுங்கம்மா" என்றேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வந்தாள். இரண்டு வீட்டு ஜனமும் சேர்ந்து இந்தத் தரம் இரண்டு வேன். பயந்த மாதிரியான ஒல்லிப் பெண். முன்னால் உட்கார்ந்து, விரித்த புடவைகளையெல்லாம் பொறுமையாகப் பார்த்து, கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்டதைத் தொட்டு இது என்றாள். களம்பூர் அம்மாள் விலையைக் கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறந்தார். முந்தியதைவிட விலை கூடின ரகம் என்பதால் மாமனாருக்கும் மனசு ஆறிவிட்டது. நான் புடவையைப் பெட்டியில் வைத்து நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து, மேலே சீட்டைக் காணாமல் புடவையைத் தூக்கிக் கீழே பார்த்தாள்.

"இதுல வேற கதை இல்லீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் கணவரைப் பார்த்து, "ஜல்தியா போய், பஜ்ஜிக் கடையில மீதி இன்னா கீதோ வாங்கிகினு வா" என்றார்.

கணவர் ஓடினார். கட்டு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. இருப்பதில் ஓரத்தில் மட்டும் எண்ணெய் பட்ட ஒன்றை மாமனார் தேடி எடுத்தார். அதைப் பட்டோடு வைக்க அவர் விடவில்லை, கறை ஏறிவிடும். அதனால் பெட்டியை மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தார், சீட்டை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். புடவைக்குத் துணையாகப் போகாமல் தனியாகப் போன என் முதல் கதை அதுதான்.