டெஸ்மண்டின் பளபளப்பு

மெல்பர்னில், பாட்டு வெளிவருமுன் அதன் ஒலிக்குக் கடைசி மெருகேற்றுகிறவர் டெஸ்மண்ட். போதவில்லையென்று வருடாவருடம் ட்ரெபிளை, அதாவது பாட்டின் கீச்சொலியை, கொஞ்சம் கூட்டிவைப்பார். அதை ‘டெஸ்மண்ட் பளபளப்பு’ என்று இசையுலகில் கொண்டாடினார்கள், அதே தொழிலில் இருந்த மற்றவர்களும் காப்பியடித்தார்கள். அவர் பாட்டைப் போட்டதும் வளர்ப்பு நாய் மட்டும் எழுந்து வெளியே ஓடிவிடும்.

"ரசனை கெட்ட சனியன்!" என்று திட்டுவார்.

அறுபது வயதில், மனைவி லொரெய்னின் நச்சரிப்பு தாங்காமல் காதைப் பரிசோதித்துக்கொண்டார்.

"கீச்சுனு வர்ற சத்தம் எதுவுமே உங்களுக்குச் சரியா கேக்கல, டெஸ்," என்றார் மருத்துவர். "பத்து வருஷமாவே மெல்ல மெல்லப் போயிட்டிருந்திருக்கு."

மனைவி காத்திருந்த காருக்கு வந்தார். ரேடியோவில் யாரோ மெருகேற்றிய புதுப் பாட்டு ஓடியது. லொரெய்ன் முகத்தைச் சுளித்தாள்.

"காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. இப்பல்லாம் எல்லாப் பாட்டும் இப்படித்தான் வருது."

டெஸ்மண்டுக்கு அது கச்சிதமாகக் கேட்டது.