சித்திரையில் குன்றி ஓடிய காடு

எருமப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிர் போடும் பாப்பாயி ஒரு சரித்திர நாவல் எழுதியிருக்கிறார் என்றால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதை நடப்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால். குன்றி என்ற பெண் நீலக்கல் முடிச்சோடு மேற்குக் கடல் துறைமுகத்துக்குப் போகிறாள். வழிப்பறிக் கள்வர் விடாமல் துரத்துகிறார்கள். மாடு மேய்க்கிற நேரத்தில் செல்போனில் வாயால் சொல்லிச் சொல்லியே பாப்பாயி எழுத்தாக்கிய கதை அது. அதில் அவருக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் வற்றிக் கிடக்கும் காவிரியைக் கடந்து ஓடிவரும் குன்றி, ஆளுயரக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வாள். கள்வர் வரப்பிலேயே நின்று ஏமாந்து போவார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போகிற வாரம் சேலத்திலிருந்து பதிப்பாளர் அறிவுச்செல்வி கூப்பிட்டார்.

"அக்கா, குச்சிக்கிழங்கு அப்ப நம்ம நாட்டுலயே இல்லீங்க. ரொம்பப் பின்னால வெள்ளைக்காரங்க கப்பல்ல கொண்டாந்ததுங்க."

பாப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து கண்ணைத் திறந்தால் எதிரே நிற்கிற செடி. அது இல்லாத காலம் ஒன்று இருந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த இடம் போனால் நாவலே போச்சு என்று அழுதேவிட்டார்.

"இதுக்கா அழுவற? சோளக்காடுன்னு மாத்திப் போடு புள்ள. எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார் கணவர் வேலுமணி.

"சித்திரையில சோளம் எங்கீங்க நிக்கும்? அப்ப தண்ணி எறைக்க போர்வெல் மோட்டாரா இருந்துச்சு? வெறும் உழவுக் காடுங்க."

"அப்ப மாசத்த மாத்து."

"சோளம் நிக்கிற மாசத்துக்கு மாத்துனா காவேரியில தண்ணி வந்துருமுங்க. அவ எப்பிடித் தாண்டுவா?"



பதிப்பாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாப்பாயி அந்த அத்தியாயத்தையே அழித்தார். உண்மையில் அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். புதிதாக எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினார். மறைய ஒரு இலைகூட இல்லாத உழவுக் காட்டில் குன்றி நின்றாள். குனிந்து இரண்டு கையிலும் புழுதியை அள்ளினாள். கள்வர் தலைவன் கிட்டே வரட்டும் என்று காத்திருந்து, அவன் கண்ணிலேயே வீசினாள். அவன் கத்தியைப் பிடுங்கினாள்.

"பழசவிட இது நல்லாருக்குதே!" என்றார் வேலுமணி.

"ஆமாங்க. மொத அத்தியாயத்துல இருந்து இந்தப் புள்ளைய ஓடவும் ஒளியவுமே உட்டுட்டனுங்க. ஒளிய எடமில்லைன்னு ஆனப்பறந்தான் அவ என்ன செய்வான்னு எனக்கே தெரிஞ்சுது."